பின்புலக் கிணறு

அப்பா, அம்மா, உங்கள் மகன் பேசுகிறேன். வயது இருபத்து மூன்று. வேலை இடத்தில் என் பெயர் 'பாட்டில்'. தண்ணீர் சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இப்போது இருப்பது பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில். சித்தப்பா வீட்டில் இல்லை. "உன் பையன் என்னைக் காட்டிக்கொடுத்துட்டான், சோறு போட்ட வீட்டுக்கே வேட்டு வச்சுட்டான்" என்று சித்தப்பா போனில் கத்தியதாகத் தங்கச்சி சொன்னாள். நான் போனில் சொல்ல வந்தால் நடுவில் அப்பாவுக்குக் கோபம் வரும். அதனால் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் தங்கச்சி திருத்திப் படிக்கட்டும்.

சித்தப்பா பழைய டிரம் வியாபாரம் செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிச் செய்கிறார் என்பது தெரியாது. இந்த ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. சரிவின் நடுவில் பிளேட்டிங் கம்பெனி. குழாய், கதவுக் கைப்பிடி, வண்டி பம்பர் எல்லாவற்றுக்கும் கண்ணாடி போலப் பளபளப்பு ஏற்றுகிற இடம். கம்பெனிக்கு மேலே மேட்டில் சித்தப்பா வீடு. கீழே கீழ்த்தெரு. சித்தப்பாவின் மகள் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு கீழ்த்தெருவில்தான். பளபளப்புக்கான மருந்து வந்த நீல டிரம்கள் காலியானதும் சித்தப்பா எடுத்து வருவார். கிணற்றடியில் வைத்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துவைக்கிறவர்களிடம் விற்பார்.

கழுவுகிற விதத்தைச் சொல்கிறேன். டிரம்முக்குள் கால்வாசி தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் ஜல்லியும் ஒரு துண்டு இரும்புச் சங்கிலியும் போட வேண்டும். மூடியை இறுக்கிப் படுக்கப்போட்டு, முற்றத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலால் உருட்ட வேண்டும். சங்கிலி உள்ளே புரண்டு புரண்டு ஒட்டிக்கொண்டதையெல்லாம் சுரண்டும். பக்கத்தில் நிற்பவன் பல்லெல்லாம் கூசும். பிறகு மூடியைத் திறந்து சாய்த்தால் முதலில் வருவது செம்மஞ்சள். அடுத்த தடவை மஞ்சள். அதற்கடுத்தது காய்ச்சல்காரன் மூத்திரம் மாதிரி. நிறமில்லாமல் வந்தால் டிரம் சுத்தம். வந்ததெல்லாம் மண்ணில்தான் போகும். காய்ந்த நாளில் முற்றத்தின் மேல் மஞ்சள் பொருக்கு தட்டி நிற்கும். காற்றடித்தால் நாக்கில் ஆணியை வைத்த மாதிரி ஒரு ருசி.

சித்தப்பாவின் விரல் கணுக்களில் குழி விழுந்திருக்கிறது. கம்பியால் குத்தி எடுத்தது போல வட்டமான குழி. முதல் நாள் நான் பார்த்து முகம் சுளித்தபோது சிரித்தார்.

"வலிக்காதுடா. அதுதான் இதுல வசதி."

அந்த விரலால்தான் சோறு பிசைவார். குழம்பு அந்தக் குழிகளில் நிற்கும். நான் என் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

நான் வந்த புதிதில் சர்க்கார் ஆட்கள் கிணறு பார்க்க வரப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனியால் தண்ணீர் கெட்டுப்போனது என்று கீழ்த்தெருக்காரர்கள் ரொம்ப காலமாகச் சண்டை போடுகிறார்கள். கெட்டது நிஜம் என்றால் கம்பெனி தன் செலவில் அவர்களுக்குக் குழாய் போட வேண்டும். ஆனால் கம்பெனியின் மருந்தில் இருக்கிற அந்த உலோகம் இந்தப் பக்கத்துப் பாறையிலும் கொஞ்சம் உண்டு. பாறை கொடுத்தது எவ்வளவு, கம்பெனி கொடுத்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டாமா? அதற்காகக் கம்பெனிக்கு மேட்டுப்பக்கத்தில், எந்தத் தொழிலும் நடக்காத வீடுகளாகப் பார்த்து, அந்தக் கிணறுகளில் தண்ணீர் எடுப்பார்கள். அந்த அளவுகளை வைத்து ஒரு எல்லை குறிப்பார்கள். கீழ்த்தெருக் கிணறு எல்லையைத் தாண்டினால் கம்பெனி மாட்டும். மேட்டுக் கிணறுகளுக்கு ஆபீசில் பெயர், பின்புலக் கிணறு.

அவர்கள் வருவதற்குமுன் சித்தப்பா டிரம்களையெல்லாம் பக்கத்துக் கொட்டகைக்கு உருட்டிவிட்டார். சித்தி முற்றத்தைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நாலு பெரிய மனுசங்க வர்ற இடம் இப்படியா கிடக்கும்? சீ."

துடைப்பத்தை எடுத்தாள். வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தாள். பொருக்கெல்லாம் கரைந்து மஞ்சளாக ஓடியது. முற்றத்தின் வாட்டம் கிணற்றுப் பக்கம். கிணற்றுச் சுவரில் அந்தப் பக்கம் சிமெண்டு பெயர்ந்து ஒரு ஓட்டை. எல்லாம் அதற்குள்தான் போனது. ஒன்றும் மிச்சம் வைக்காமல் கழுவினாள்.

வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றப் போனார். அத்தனை சுத்தம்.

"பரவால்லம்மா, முற்றம் கண்ணாடி மாதிரி இருக்கே. இங்க ஏதாவது தொழில் நடக்குதா?"

"தொழிலா?" சித்தப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார். "பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு சார். இருக்கறது நானும் இவளும், ஊர்லேருந்து வந்த எங்கண்ணன் பையனும். துணி துவைக்கறதோட சரி."

சித்திக்கு முகம் சிவந்தது, கண்ணாடி என்று சொன்னதற்காக. அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சித்தி முற்றத்தைக் கழுவினாள். அப்படி வந்தவர் மூலமாகத்தான் எனக்குப் பாட்டில் வேலை கிடைத்தது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னார்.

"பின்புலம் இல்லாதவனுக்கு இந்தக் காலத்துல ஒண்ணும் நடக்காதும்பாங்க. எனக்கு மாமன் மச்சான் மந்திரி யாரும் வேணாம்யா. என் கிணறே பின்புலம்!"

சித்தி அதைச் சுத்தக் கிணறு என்றே சொல்வாள். ஆபீஸ் பாஷை அவளுக்கு அப்படித்தான் விளங்கியது. அக்காவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும், "கீழ்த்தெருத் தண்ணிய வாயில வைக்காதடி, புள்ளைக்கு ஆகாது" என்று சொல்லித் தினமும் ஒரு கேன் நிரப்பி இடுப்பில் வைத்துச் சரிவில் இறங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வெயிலோ தூறலோ, ஒரு நாள் விட்டதில்லை. நான் தூக்குகிறேன் என்றால் விடமாட்டாள். என் பொண்ணுக்கு நான்தான் தூக்குவேன் என்பாள்.

சித்தப்பா மட்டும் வாசலில் உட்கார்ந்து கடைத் தண்ணீர் பாட்டிலில் குடிப்பார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். அவர் காசு, அவர் வயிறு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சோதனைக்கூடத்தில் எல்லை குறிக்கிற வேலை ஒரு மேடத்துடையது. கணக்கு மேடம் என்போம். சத்தமாகப் பேசமாட்டார், சத்தமாகத் தும்முவார். போன மாதம் கம்பெனி சார்பில் ஒருவர் அவர் மேஜைக்கு வந்தார். எந்த வெயிலிலும் டை கட்டி வருவதால் அவர் பெயர் 'டை'. நான் பக்கத்துத் தொட்டியில் பாட்டில்களுக்கு அமிலம் ஊற்றி அலசிக்கொண்டிருந்தேன்.

"மேடம், இதுல யோசிக்க என்ன இருக்கு? இந்தப் பின்புலக் கிணறுங்களோட அளவு ஒரு ஒழுங்குல வரல. ஒழுங்கா வரலன்னா உச்ச அளவையே எல்லையா வைக்கலாம்னு உங்க விதியே சொல்லுது."

"சொல்லுதுதான்."

"அப்புறமென்ன? அதை வச்சுப் பாத்தா கீழ்த்தெருல ஒரு கிணறுகூடத் தாண்டல. எல்லாம் நல்ல தண்ணி." டையைத் தளர்த்திக்கொண்டு எங்கள் தண்ணீர் டாங்கைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

அவர் போனதும் நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டேன்.

"ஒழுங்குன்னா என்ன மேடம்?"

மேடத்துக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பிடிக்கும், நான் பாட்டிலை உடைப்பதில்லை.

"ஒரு தெருவுக்குப் பொதுவா ஒரு வாசல் கட்டணும்னு வை. எவ்வளவு உயரம் கட்டுவ? தெருவுல இருக்கறவங்களை நிக்க வச்சுப் பாப்ப. முக்கால்வாசிப் பேர் நடுத்தரம், கொஞ்சம் பேர் குட்டை, கொஞ்சம் பேர் நெட்டை. எல்லாம் நடுவுல குவிஞ்சு ரெண்டு பக்கமும் சரிஞ்சு வரும். அப்படின்னா கணக்கு சுலபம். நடுவுலேருந்து இவ்வளவு மேலன்னு வாசல் வச்சுடலாம். அதுல இடிக்கறவன் வெளியூர்க்காரன்னு சந்தேகப்படலாம்."

"சரி."

"வரிசைல ஒருத்தன் விளக்குக் கம்பம் உயரத்துக்கு நிக்கறான்னு வை. குவியலாவது ஒண்ணாவது. நடுவுங்கறதுக்கே அர்த்தம் இல்ல. அப்ப என்ன செய்யறோம்? இந்தத் தெருவுல கம்பம் உயரத்துக்கும் ஆள் உண்டுபோலன்னு சொல்லி, வாசலையும் கம்பம் உயரத்துக்கு வச்சுடறோம். அப்புறம் ஒட்டகத்துல ஏறி வந்தாலும் தலை இடிக்காது."

"அந்தக் கம்பத்தை வரிசைலேருந்து விட்டுட்டா?"

"விட்டுடலாமே. காரணம்னு என்ன எழுத? பெருசா இருக்குங்கறது காரணம் இல்லடா. பெருசா இருக்கறதையெல்லாம் தூக்கிப்போட்டா அப்புறம் நான் வேண்டியபடி எல்லை வைக்கலாமே. அவன் கம்பத்து மேல ஏறி நிக்கறான்னு யாராவது கண்ணால பாத்துச் சொன்னா, அது காரணம். போய்ப் பாத்தவங்க முற்றம் கண்ணாடின்னு எழுதியிருக்காங்க." தும்மினார். "எனக்கே பிடிக்கல. கையெழுத்து போடத்தான் போறேன்."

திரையில் புள்ளிகள் இருந்தன. கீழே எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி, மேலே தனியாக ஒரே ஒரு புள்ளி. பக்கத்தில் கிணற்று எண். பெயர் இல்லை. ஆனால் பாட்டில்களில் அந்த எண்ணை ஒட்டுகிறவன் நான். அது சித்தப்பா வீட்டுக் கிணறு.

வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சித்தப்பா வீடு போகும். டிரம் கழுவுவதைச் சொல்லாமல் மறைத்தேன் என்று என் வேலையும் போகும், வேலை போனால் இந்த நாட்டில் தங்குகிற அனுமதியும் போகும். அன்றைக்குத்தான் என் கையில் முதல் பாட்டில் உடைந்தது.

சாயங்காலம் வீட்டில் காற்றே இல்லை. டிரம் எல்லாம் முற்றத்தில் கவிழ்ந்திருந்தது. அக்கா வந்திருந்தாள். வயிறு முன்னே வர அவள் பின்னே வருகிற மாதம் அவளுக்கு.

"என்னடா பாட்டில், மூஞ்சிக்கு மூடி போட்டுட்டாங்களா?" என்றாள்.

சித்தப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். சித்தி கேனை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அந்தத் தண்ணிய அக்காவுக்குக் குடுக்காதீங்க."

"ஏன், பல்லி கில்லி விழுந்துடுச்சா?"

"அதுல கம்பெனி மருந்து இருக்கு. கீழ்த்தெருவ விட இங்கதான் ஜாஸ்தி."

சித்தி சிரித்துவிட்டாள். "போடா கிறுக்கா. சர்க்காரே சுத்தக் கிணறுன்னு எழுதிட்டுப் போயிருக்கு."

"சுத்தமா இருக்கும்னு நம்பி எழுதினாங்க சித்தி. டிரம் கழுவறது அவங்களுக்குத் தெரியாது. இப்ப நம்ம கிணத்துல எவ்வளவு இருக்கோ அவ்வளவு வரைக்கும் கீழ்த்தெருல இருந்தா தப்பில்லைன்னு ஆகப்போகுது."

"டேய்." சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. "பாட்டில் கழுவப் போனோமா, கழுவினோமா, வந்தோமான்னு இரு. உனக்கு எதுக்குடா கணக்கு?"

அக்காதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "அப்ப எங்க தெருவுக்குக் குழாய்?"

"வராதுக்கா."

"எங்கப்பா கிணத்தாலயா?"

"எவன் கிணத்தாலயும் இல்ல!" சித்தப்பா தட்டைத் தள்ளினார். "கம்பெனிக்காரன் விட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இது வெளிய போனா டிரம் போச்சு. டிரம் போனா நடுத்தெரு. உன் பிரசவத்துக்கு யாரு நிப்பா, இவனா? எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருங்க. அவளுக்கு இனிமே கடைத் தண்ணி வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு."

சித்தி கேன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கடைத் தண்ணி நீங்கதானே குடிக்கறீங்க. வயிறு சரியில்லன்னு."

"ஆமா. எனக்கு அது ஒத்துக்கல."

"எது?"

சித்தப்பா விரலில் ஒட்டிய சோற்றை வழித்தார்.

"எதுங்க ஒத்துக்கல?"

"ருசி ஒரு மாதிரி இருந்துச்சு. விடேன்."

"எப்பலேருந்து?"

"இப்ப அது எதுக்கு? போன வருசம்."

"போன வருசம்." சித்தி அதைக் கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரித் திரும்பச் சொன்னாள். "நான் இவளுக்குக் கேன் தூக்கிட்டுப் போறப்பல்லாம் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு நாள் பிடிச்சுகூட விட்டீங்களே, கனமா இருக்குன்னு."

"உன்கிட்ட சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லுவ."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஓடிச் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தாள். மசக்கையெல்லாம் அவளுக்கு எப்போதோ நின்றுவிட்டது. திரும்பி வந்து கேனைத் தூக்கினாள், கொட்டுவதற்கு. முற்றத்தில் கொட்டப் போய் நின்றாள். அங்கே கொட்டினால் வாட்டத்தில் ஓடிக் கிணற்றுக்குத்தான் போகும். சாக்கடையில் கொட்டினால் சரிவில் இறங்கி அவள் தெருவுக்குப் போகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேனைப் பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் பார்த்தாள். கடைசியில் அதை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படி இறங்கிப் போனாள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் திரும்ப இழுத்தார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அப்பா, அவர் உங்கள் தம்பி. ஆனாலும் சொல்கிறேன், அவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது சித்தி புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ராத்திரி நீ சொன்னியே, அந்த மேடம் காரணம் வேணும்னாங்கன்னு. என்னைக் கூட்டிட்டுப் போ."

சித்தப்பா உள்ளேயிருந்து, "போனா திரும்பி வராத" என்றார். சித்தி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். காதில் விழாதது மாதிரி இல்லை. விழுந்தும் செருப்பைத் தேடினாள்.

கணக்கு மேடம் மேஜைக்கு முன்னால் நாற்காலி போட்டும் சித்தி உட்காரவில்லை.

"காரணம் நான்தாங்க. எங்க வீட்டுல கம்பெனி டிரம் கழுவறோம். மஞ்சத் தண்ணி முற்றத்துல நிக்கும். நீங்க வர்றீங்கன்னு சொன்னப்பல்லாம் நான் முற்றத்தைக் கழுவிக் கிணத்துக்குள்ள விட்டேன். தெரியாமத்தான் விட்டேன்."

மேடம் பேனாவை எடுத்தார். "அம்மா, இதை நான் எழுதினா உங்க வீட்டுக்காரர் மேல நடவடிக்கை வரும். தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க. முற்றம் சுத்தமா இருக்கணும்னுதான் கழுவினேன்னும் எழுதுங்க."

"அது கணக்குக்குத் தேவை இல்லம்மா."

"எனக்குத் தேவை."

மேடம் அதையும் எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்த வீட்டுப் பையன் என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஃபைலை மூடினார்.

ஆட்கள் வந்து பார்த்தார்கள். இந்தத் தடவை சொல்லாமல் வந்தார்கள். மேலே தனியாக நின்ற புள்ளியை எடுத்ததும் மிச்சமெல்லாம் மேடம் சொன்ன மாதிரியே நடுவில் குவிந்தன. எல்லை மளமளவென்று இறங்கியது. கீழ்த்தெருவில் முக்கால்வாசிக் கிணறு அதைத் தாண்டியது. இப்போது கம்பெனி லாரியில் தண்ணீர் கொடுக்கிறது, குழாய்க்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டு டை பேசினார். இந்த ஊர்த் தண்ணீரைக் கெடுத்த விஷயத்தில் டிரம்காரரின் பங்கை மறக்கக்கூடாது என்றார். கழுவாத டிரம்மை அவருக்கு விற்றது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுந்து கேட்க நினைத்தேன், எழவில்லை. நானும் சித்தியும் வெளியே வந்தபோது கீழ்த்தெருத் தையல்கடைக்காரர் அவள் காலடியில் துப்பினார். லாரித் தண்ணீர் வரக் காரணமே அவள்தான் என்று தெரிந்தே துப்பினார்.

சித்தப்பா என் பையைத் தெருவில் எறிந்தார், பிறகு அவரும் ஒரு கூட்டாளி கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் பண்ணுகிறார். வேறு ஊரில் டிரம் கழுவ இடம் பார்க்கிறார் என்று கேள்வி. நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டில் சொன்னேன், அவ்வளவுதான். வேலை இப்போதைக்கு இருக்கிறது. அனுமதி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் ஆபீஸ் கதவு திறக்கும்போதெல்லாம் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். குழந்தையைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாமியார் சித்தியை வாசல்படி ஏற விடவில்லை. அக்காவும் எழுந்து வரவில்லை. "நீயே தூக்கிட்டு வந்து குடுத்தியேம்மா" என்று உள்ளேயிருந்து மட்டும் சொன்னாளாம்.

சித்தி அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். கிணற்றுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். லாரி வரும்போது வரிசையில் கடைசியில் நிற்கிறாள். அவள் முறை வரும்போது சில நாள் தண்ணீர் இருக்கும், சில நாள் இருக்காது. நேற்று நான் இங்கிருந்து ஒரு கேன் தூக்கிக்கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டு, "ஊர்ல உங்கப்பாவும் அம்மாவும் என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். நீங்கள் எப்போதும் சித்தப்பா நம்பருக்குத்தான் பேசுவீர்கள், அவர் பேசி முடித்து நேரம் மிச்சம் இருந்தால் அவளிடம் கொடுப்பார்.

இதை யார் முதலில் படித்தாலும் சரி, அப்பாவாக இருந்தாலும் தங்கச்சியாக இருந்தாலும் சரி, படித்ததும் சித்தியைக் கூப்பிடுங்கள். அவளுக்குத் தனி நம்பர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன். நியாயம் எதுவும் பேச வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.